அளவெடுத்துத் தைத்த அறிவுரை

ஒரு திங்கட்கிழமை காலை. டயாலிசிஸ் பிரிவுக்கு வரவேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே, அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வரப்பட்டார். படுக்கையிலிருந்து எழ முயன்றபோது கால்களில் வலுவே இல்லை என்றார் உடன் வந்த மகள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பதுக்கும் கீழே இருந்தது. இதய மின்வரைபடத்தைப் பார்த்ததுமே எங்களுக்குக் காரணம் புரிந்துவிட்டது. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.4 மில்லிமோல். இருக்கவேண்டிய அளவு 3.5 முதல் 5 வரை. அந்த நிலையில் இதயம் எந்தக் கணத்திலும் நின்றுவிடலாம்.

இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி, பொட்டாசியத்தைத் தற்காலிகமாகச் செல்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும், பின்னர் உடனடி டயாலிசிஸ். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் கண் திறந்து காபி கேட்டார். எங்கள் செவிலியர்கள் அன்று அதிகம் சிரித்தது அப்போதுதான்.

மகள் சிரிக்கவில்லை. கைப்பேசியைத் திறந்து ஒரு காணொளியைக் காட்டினார். சிறுநீரகத்தை இயற்கையாகச் சுத்தம் செய்யும் முறை என்று அதற்குத் தலைப்பு. மூன்று வாரங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு, பதினொரு மணிக்கு இளநீர், சமையலில் ‘சோடியம் குறைந்தது’ என்று அச்சிடப்பட்ட உப்பு. “எல்லாமே ஒடம்புக்கு நல்லதுன்னுதான் டாக்டர் போட்டிருந்தாங்க. என் கையாலயே அரைச்சுக் குடுத்தேனே” என்று அழுதார்.

அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன். கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்வதற்காக எழுதவில்லை. அதே கைப்பேசி பின்னர் அந்தப் பெரியவருக்குச் செய்த நன்மைகளையும் நான் அருகிலிருந்து பார்த்தேன். எதை, எங்கே, எப்படித் தேடுவது என்பதே இக்கட்டுரை.

விடை கிடைக்காத கேள்வி எங்கே போகும்?

அன்று மாலை, அவருக்கு நாங்கள் கொடுத்திருந்த உணவுத் தாளை எடுத்து வாசித்தேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. இளநீர் அதில் இருந்தது, பதினான்காவது வரியில். வாழைத்தண்டு இல்லவே இல்லை. உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புறநோயாளிகள் பிரிவில் அவர்களுக்கு நான் ஒதுக்கிய நேரம் ஏழெட்டு நிமிடங்கள். அந்த நிமிடங்களில் கேட்க முடியாமல் போன கேள்வியை, வேலையெல்லாம் முடிந்து இரவு பதினொரு மணிக்கு, அந்த மகள் கைப்பேசியிடம் கேட்டிருக்கிறார். கைப்பேசியும் தயங்காமல் விடை சொல்லியிருக்கிறது. அந்தக் காணொளியில் பேசியவரைக் குறை கூறுமுன், அவர் பேசுவதற்கான இடத்தை விட்டுவைத்தவர்கள் நாங்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தாள் இப்போது தமிழில் திருத்தி எழுதப்பட்டு, டயாலிசிஸ் பிரிவின் முகப்பில் கிடைக்கிறது. இன்னும் வாங்காதவர்கள் அடுத்த முறை வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தையற்காரர் சொன்ன பாடம்

அந்தப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் தையற்கடை நடத்தியவர். சில வாரங்கள் கழித்து, டயாலிசிஸ் நாற்காலியில் படுத்தபடி, பேத்திக்குப் பாவாடை சட்டை தைப்பதற்காக ஏதோ ஒரு தையல் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் சென்றபோது சலிப்போடு கைப்பேசியைத் தாழ்த்தினார். “எந்த வயசுப் புள்ளைக்குன்னும் சொல்லல, துணி அகலமும் சொல்லல, எடுத்த எடுப்புல கத்திரியப் போடச் சொல்றான் டாக்டர். அளவு எடுக்காம வெட்டுனா அது யாருக்குப் பொருந்தும்?” என்றார்.

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த வாழத்தண்டு விஷயமும் இப்படித்தான் போல” என்றார்.

நான் பல ஆண்டுகளாக விளக்க முயன்ற ஒன்றை அவர் தம் தொழிலின் மொழியில் சொல்லிவிட்டார். வாழைத்தண்டு நல்ல காய். இளநீர் நல்ல பானம். சிறுநீரகங்கள் சரியாக இயங்கும் ஒருவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியத்தால் கெடுதல் இல்லை. மிகுதியானது சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. இளநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம் உண்டு. ஒரு காயில் 300 மில்லிலிட்டர் தண்ணீர் இருந்தால் 600 மி.கி.க்கு மேல் சேரும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கு ஒரு நாள் முழுவதற்கும் நாங்கள் அனுமதிப்பதே பொதுவாக 2,000 முதல் 2,500 மி.கி.தான். காய்கறியைச் சாறாக்கும்போது, உட்கார்ந்து மென்று தின்ன முடியாத அளவு ஒரே டம்ளருக்குள் இறங்கிவிடுகிறது. சோடியம் குறைந்த உப்பிலோ, குறைக்கப்பட்ட சோடியத்தின் இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. அதன் எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியமே. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் இத்தகைய உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் இடையிலான நீண்ட இடைவெளி மீதியைச் செய்துவிட்டது.

இது சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டுமான செய்தி என்று எண்ணவேண்டாம். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் உண்பவர், காணொளியைப் பார்த்துத் திடீரென்று தினமும் ஒரு கட்டுக் கீரை சாப்பிடத் தொடங்கினால், கீரையிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். கீரையை விடவேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணவேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகளே பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. ஆகவே உணவைப் பற்றி எதைத் தேடுவதற்கு முன்பும் இரண்டு தாள்களை எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கை, இப்போது உண்ணும் மருந்துகளின் பட்டியல். அவைதான் உங்கள் அளவுகள்.

உணவைப் பற்றி அறிய நம்பத்தக்க இடங்கள்

முதலில் நான் சொல்வது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918-ஆம் ஆண்டு குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது. 2017-இல் அது வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து திரட்டிப் பரிசோதிக்கப்பட்ட 528 உணவுப்பொருள்களின் விவரங்கள் உள்ளன. நூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் பொருள்களின் தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில் தரப்பட்டுள்ளன. எல்லா அளவுகளும் உண்ணத்தக்க 100 கிராமுக்கு உரியவை. வெளிநாட்டுப் பட்டியல்களில் நம் முருங்கைக்கீரையையும் கேழ்வரகையும் தேடி ஏமாறவேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. சர்க்கரை நோயாளிகள் பலர், அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறிவிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்பி, காலையில் இரண்டு சொம்பு கூழ் குடிக்கிறார்கள். அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். கேழ்வரகில் ஏறத்தாழ 67 கிராம். வேறுபாடு உண்டு, ஆனால் இரண்டு சொம்புக்கு அது இடங்கொடுக்காது. கேழ்வரகின் சிறப்பு அதன் கால்சியத்திலும் நார்ச்சத்திலும் இருக்கிறது. அந்த நார்ச்சத்தின் பயனும் நீர்க்கக் கரைத்த கூழைவிட, அளவாகச் சாப்பிடும் அடையிலும் களியிலும் நன்றாகக் கிடைக்கும்.

அதே நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைப் பதினேழு தலைப்புகளில் புதுப்பித்து வெளியிட்டது. ஒரு நாளின் தட்டில் தானியம், பருப்பு, காய், கீரை, பழம், பால், கொட்டைகள் எவ்வெவ்வளவு இருக்கலாம் என்பதைப் படமாகவே காட்டியிருக்கிறார்கள். வீட்டிலுள்ள ஆரோக்கியமானவர்களுக்கு அது நேரடியாகப் பயன்படும். நோயுள்ளவர்கள் அதை அடிப்படையாகக் கொண்டு, எங்கள் உணவியல் ஆலோசகரிடம் தங்களுக்குரிய மாற்றங்களைக் கேட்கவேண்டும்.

நோய்களையும் மருந்துகளையும் பற்றி ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தைக் காட்டுங்கள். விளம்பரம் இல்லாத, எளிய நடையில் எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

மூன்றாவது இடம் இணையத்தில் இல்லை. உங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. உணவுப் பொட்டலங்களின் பின்புறத்தில் சோடியத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்குச் சோடியம் 1,000 மி.கி. என்றிருந்தால், உப்பு 2.5 கிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சமன் செய்த ஒரு தேக்கரண்டிதான் அது. ஒரு பொட்டலத்திலேயே பாதி தீர்ந்துவிடுகிறது என்றால், சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் என்ன மிச்சம்? ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றுக்குப் பின்னட்டை கிடைக்காமலிருக்கலாம்; கணக்கு அவற்றுக்கும் உண்டு.

பொட்டாசியம் குறைக்கவேண்டியவர்களுக்கு ஒரு சமையல் குறிப்பு. காய்களைத் தோல் நீக்கி, சிறிய துண்டுகளாக நறுக்கி, நிறைய தண்ணீரில் கொதிக்க வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டுப் பிறகு தாளியுங்கள். உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில்கூட இதனால் பொட்டாசியம் பெருமளவு குறையும். வெறுமனே ஊறவைப்பது அந்த அளவுக்குப் பயன் தராது. வடித்த தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று ரசத்தில் சேர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு; சிறுநீரக நோயாளிக்குச் சமைக்கும்போது மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம். பழக்கடைகளில் நட்சத்திரப்பழம் என்று விற்கும், குறுக்கே வெட்டினால் ஐந்து முனை தெரியும் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே வேண்டாம். அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கி, வலிப்பு வரை கொண்டுபோகும்.

நம்புவதற்கு முன் நான்கு கேள்விகள்

ஒரு காணொளியையோ, உறவினர் அனுப்பிய செய்தியையோ பார்க்கும்போது இந்த நான்கையும் கேளுங்கள்.

முதலாவது, சொல்பவர் யார்? பெயர், படிப்பு, பணியிடம் ஆகியவை வெளிப்படையாக இருக்கின்றனவா? வெள்ளை அங்கியும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் படிப்புக்குச் சான்றாகா.

இரண்டாவது, யாருக்காகச் சொல்கிறார்? சிறுநீரகக் கல்லுக்குச் சொன்னதைச் சிறுநீரகச் செயலிழப்புக்கு எடுத்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கல் உள்ளவரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம். டயாலிசிஸ் நோயாளிக்கோ தண்ணீரை அளந்து தருவோம்.

மூன்றாவது, முடிவில் எதையாவது விற்கிறாரா? சர்க்கரை நோய் போன்றவற்றை முற்றிலும் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1954 முதல் இருக்கிறது. “டயாலிசிஸே தேவையில்லை, முன்பணம் அனுப்புங்கள்” என்பவரிடம் பணத்தோடு சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் திறனையும் இழந்து வந்தவர்கள் உண்டு. இணையத்தில் பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நான்காவது, எதையாவது நிறுத்தச் சொல்கிறாரா? இருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்த அறிவுரையையும், எங்களிடம் ஒரு சொல் கேட்காமல் பின்பற்றாதீர்கள். கேட்டால் கோபித்துக்கொள்வோமோ என்று அஞ்சவேண்டாம். அந்தக் காணொளியையே கொண்டுவந்து காட்டுங்கள். இரண்டு நிமிடம் சேர்ந்து பார்ப்பது, நள்ளிரவில் அவசரப் பிரிவில் சந்திப்பதைவிட எளிது.

நான்கு மணி நேரத்தை என்ன செய்வது?

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கு மேல் எங்கள் நோயாளிகள் அந்த நாற்காலியில் கழிக்கிறார்கள். ஏறக்குறைய அதே நேரத்தை அவர்களை அழைத்துவந்தவர்கள் வெளியே உள்ள நாற்காலிகளில் கழிக்கிறார்கள். வேலை போய், பயணம் குறைந்து, சாப்பாடும் சுருங்கியவருக்கு, “பொழுதுபோக்கு” என்ற சொல் சற்று அற்பமாகக்கூடத் தோன்றலாம். என் அனுபவம் வேறு. தமக்கென்று ஒரு வேலை வைத்திருப்பவர்கள் சிகிச்சையைத் தவறவிடுவது குறைவு. நாளையைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள்.

ஊசி செருகிய கையை அசைக்காமல் வைத்திருக்கவேண்டும். ஆகையால் ஒரே கையால் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே இங்கு முதல் நிபந்தனை. எங்கள் பிரிவில் நான் பார்த்தவற்றுள் சில:

வாசிப்பு. மதுரைத் திட்டம் என்ற தன்னார்வலர் முயற்சி 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் கல்கியின் நாவல்கள் வரை இலவசமாக அங்கே கிடைக்கின்றன. தமிழ்நாட்டரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர்கள் வருந்தவேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கலாம், பல கைப்பேசிகளில் தமிழை உரக்க வாசிக்கும் வசதியும் இருக்கிறது. எங்கள் செவிலியர்களிடம் கேட்டால் அதை இயக்கிக் காட்டுவார்கள். காதொலிக் கருவியை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலியும் செவிலியரின் குரலும் கேட்கவேண்டும்.

மெய்ப்புப் பார்த்தல். விக்கிமூலம் என்ற தளத்தில், பழைய தமிழ் நூல்களின் பக்கப் படம் ஒருபுறமும் கணினி அதிலிருந்து பெயர்த்தெடுத்த எழுத்துகள் மறுபுறமும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவதே வேலை. ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறமாகும். மற்றொருவர் சரிபார்த்ததும் பச்சையாகும். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இங்கே ஒரு சிகிச்சை நேரத்தில் மூன்று பக்கங்கள் முடிப்பார். “இன்னிக்கு ரத்தமும் சுத்தம், மூணு பக்கமும் சுத்தம்” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

சதுரங்கம். லிசெஸ் என்ற தளம் முற்றிலும் இலவசம், விளம்பரமும் இல்லை. எந்த நேரத்திலும் உலகின் எங்கோ ஒருவர் ஆடக் காத்திருப்பார். கல்லூரியில் படிக்கும்போதே டயாலிசிஸ் தொடங்கிய இளைஞர் ஒருவர், பக்கத்து நாற்காலிக்காரருக்கு அதில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தார். இப்போது அவர்கள் இருவரும் ஒரே முறை நேரத்தைக் கேட்டு வாங்குகிறார்கள்.

பறவை நோக்கல். இது காத்திருக்கும் உறவினர்களுக்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் உருவாக்கிய மெர்லின் என்ற செயலி, பறவையின் குரலைக் கேட்டே அதன் பெயரைச் சொல்ல முயலும். நம் வளாகத்து வேப்பமரத்தடியில் பதினைந்து நிமிடம் அமர்ந்தால், காகத்தையும் மைனாவையும் தாண்டி, சின்னானும் குயிலும், சம்மட்டியால் தட்டுவது போலக் கூவும் செம்மார்புக் குக்குறுவானும் கிடைக்கும். பார்த்தவற்றை இபேர்ட் என்ற தளத்தில் பதியலாம். பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் பட்டியலும் சேரும். நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கும் மூச்சுவிடும் நேரம் தேவை. அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகக் குற்றவுணர்வு கொள்ளாதீர்கள்.

மனம் தாங்கமுடியாமல் கனத்தால், டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. நோயாளியும் அழைக்கலாம், பார்த்துக்கொள்பவரும் அழைக்கலாம்.

இலக்கும் அளவும்

நடைப்பயிற்சியைத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “பத்தாயிரம் அடி நடக்கணுமாமே?” என்பது. அந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயர் சூட்டினார்கள். அங்கிருந்துதான் அது பரவியது. அந்த எண்ணுக்கு எட்டாமல் மனமுடைந்து நடப்பதையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்படிச் செய்யுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல், கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு வழக்கம்போல் இருங்கள். நாள்தோறும் எத்தனை அடி என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சராசரி 1,200 என்றால், அதுவே உங்கள் தொடக்கக் கோடு. மருத்துவரின் ஒப்புதலோடு, அடுத்த வாரம் ஐந்து நிமிட நடையைக் கூட்டுங்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று களைப்பும் இரத்த அழுத்தச் சரிவும் இருக்கலாம். மற்ற நாள்களில் நடப்பது நல்லது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். உட்கார்ந்த பின்னும் தொடர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

கைப்பேசியின் குறிப்பேட்டில் தினமும் காலை எடையை எழுதுங்கள். ஒரு நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதை அன்று. ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். தண்ணீரைக் குறைக்க முடியவில்லை என்று வருந்துபவர்கள் முந்தைய நாள் உண்ட உப்பைத் திரும்பிப் பாருங்கள். தாகம் அங்கிருந்துதான் வருகிறது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை உணவோடு சேர்த்து உண்ணவேண்டும் என்பதால், அதன் நினைவூட்டலைச் சாப்பாட்டு நேரத்துக்கே வையுங்கள். நூறு செயலிகளைப் பதிவிறக்கவேண்டாம். கைப்பேசியுடனேயே வரும் குறிப்பேடு, அலாரம், அடி எண்ணி ஆகிய மூன்றும் போதும்.

அதே குறிப்பேட்டில் இன்னொரு பக்கமும் திறந்து வையுங்கள். “டாக்டரிடம் கேட்க” என்று அதற்குத் தலைப்பிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு எழும் கேள்வியை அங்கே எழுதிவிட்டு உறங்குங்கள். காத்திருக்க முடியாத ஐயம் என்றால், 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

அந்தத் தையற்காரரின் மகள் இப்போது அப்படித்தான் வருகிறார். சென்ற மாதம் அவர் கொண்டுவந்த பட்டியலில் ஏழு கேள்விகள் இருந்தன. பீர்க்கங்காய் தரலாமா, எவ்வளவு தரலாம் என்பது முதல் கேள்வி. சத்து அட்டவணையில் பார்த்த எண்ணையும் அருகில் எழுதியிருந்தார். ஐந்துக்கு நான் விடை சொன்னேன். இரண்டை உணவியல் ஆலோசகரிடம் கேட்டுச் சொன்னேன். பெரியவரின் பொட்டாசியம் அன்று 4.9.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பாவாடை சட்டை தயாராகிவிட்டது. டயாலிசிஸ் இல்லாத நாள்களில், மருமகன் மேசைக்கு ஏற்றிக்கொடுத்த தையல் இயந்திரத்தில், ஒரு வேளைக்கு அரை மணி நேரம் என்று தைத்திருக்கிறார். பேத்தி அதை உடுத்திக்கொண்டு எங்கள் பிரிவு வாசல்வரை வந்து காட்டிவிட்டுப் போனாள். தோளிலும் இடுப்பிலும் அச்சாகப் பொருந்தியிருந்தது. காணொளியைப் பார்த்துத்தான் வெட்டினீர்களா என்று கேட்டேன்.

“கழுத்து டிசைன் மட்டும் அதுல பாத்தேன் டாக்டர்” என்றார். “அளவு புள்ளைகிட்ட எடுத்தேன்.”